கண்ணு நல்லாத்தான் இருக்கு

கண்ணை மூடிக்கிடுங்க தங்கச்சி. அந்த நர்சுப் பிள்ளை திரும்ப வந்து பாத்துச்சுன்னா வையும். எனக்கு இப்பத்தான் ஒண்ணு விழுந்துச்சு. "சொட்டு மருந்து விட்டிருக்குல்லம்மா, முழிச்சு முழிச்சு என்னத்தப் பாக்கீங்க, மூடுங்க"ன்னு. கூட ஆள் வரலியான்னு வேற கேட்டுச்சு. வரலன்னேன். மருந்து விட்டா ரொம்ப நேரத்துக்கு மங்கலாத்தான தெரியும், ஒத்தையில எப்படிக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறுவீங்கன்னு கேட்டுச்சு. நான் என்ன சொல்ல? மகளைக் கூப்பிட்டேன், வர மாட்டேன்னுட்டா. அதையெல்லாம் அந்தப் பிள்ளைகிட்டச் சொல்ல முடியுமா. கையைப் பிடிச்சுக் கொண்டாந்து இந்தப் பெஞ்சுல உக்கார வச்சுட்டுப் போயிருச்சு.

இந்த எடத்துக்கு ஆள் இருக்கான்னு கேட்டேன், இல்ல உக்காருங்கன்னு சொன்னீக பாருங்க, அந்தக் குரலை வச்சுத்தான் தங்கச்சின்னு கூப்பிடுதேன். என்னைவிடச் சின்ன வயசாத்தான் இருக்கணும். சரியா? சரி.

ஒண்ணு சொல்லவா? இப்படிக் கண்ணை மூடி உக்காந்திருக்கதும் ஒரு வகையில நல்லதுதான். எனக்கு ஒரு விசயம் தொண்டையிலயே நிக்குது. எறங்கவும் மாட்டேங்கு, வெளிய வரவும் மாட்டேங்கு. யாரு மூஞ்சியவும் பாத்துச் சொல்ல முடியல. இப்ப நீங்க என்னைப் பாக்கல, நான் உங்களைப் பாக்கல. எந்திரிச்சுப் போயிட்டோம்னா நாளைக்குப் பஸ்ஸுல பக்கத்துலயே நின்னாலும் இன்னார்னு தெரியாது. அவமானத்தைச் சொல்லணும்னா இப்படித்தான் சொல்லணும்.

எனக்குக் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல தங்கச்சி. அதைத்தான் மொதல்ல சொல்லணும். நான் தீப்பெட்டி ஆபீஸுல வேலை பாக்கேன். கல்யாணமாகி வந்த வருசத்துல இருந்து அங்கதான். மருந்து ஒட்டாத குச்சி நூத்துல ஒண்ணு கெடந்தாலும் என் கை தானாப் போயி எடுத்துரும். ஊசி கோக்கணும்னா தெருவே என்கிட்டத்தான் வரும். பெறகு எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கேன்னு கேப்பீக. அதான் கதையே.

என் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். முத்துச்செல்வின்னு பேரு. ஒத்தப் பிள்ளை. அவ பள்ளிக்கூடம் போயிக்கிட்டு இருந்தப்பவே அவுக அய்யா போயிச் சேந்துட்டாக. பெறகு நானும் அவளும்தான். மாப்பிள்ளை வீடு சங்கரன்கோவில். மாப்பிள்ளை மெட்ராஸுல பெரிய பெரிய கட்டடம் கட்டுற கம்பெனியில சேஃப்டி ஆபீசர். அப்படின்னா என்னன்னு எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. ஆளு தலையில தொப்பி இருக்கா, மேல ஏறி நின்னு வேலை பாக்குற சாரம் ஒழுங்காக் கட்டிருக்கா, எவனும் விழுந்து கிழுந்து வைக்காம இருக்கானான்னு பாக்குற வேலையாம். பேசுனா அளந்துதான் பேசுவாக. நல்ல மாதிரி.

அவுக அம்மா கோமதி மைனி இருக்காகளே, அவுகளை மாதிரி ஒரு சம்பந்தி யாருக்கும் வாய்க்காது. பாக்க வந்த அன்னைக்கு நான் அடுப்படிக்குள்ளயே நின்னுக்கிட்டேன். நல்ல காரியத்துல நான் எதுக்கு முன்ன வந்து நிக்க? எங்க தெருவுல வளைகாப்புன்னா பாத்திரம் தேய்க்கக் கூப்பிடுவாக, வளையல் போடக் கூப்பிட மாட்டாக. அது பழகிப்போச்சு, வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல. கோமதி மைனிதான் உள்ள வந்து என் கையைப் பிடிச்சு இழுத்துக் கொண்டுபோயி எல்லாரு முன்னாடியும் உக்கார வச்சாக. "பிள்ளையப் பெத்தவுக நீங்க, நீங்க உள்ள நின்னா நான் யாருகிட்டப் பேசுறது"ன்னாக. எனக்கு அன்னைக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அப்படிப்பட்ட மனுசி முன்னாடித்தான் நான் விழுந்தேன். அதுதான் எனக்குத் தாங்கல.

முகூர்த்தப் பட்டு எடுக்க இங்க, திருநெல்வேலிக்குத்தான் வந்தோம். ரெண்டு வீட்டாளுகளும் ஒரே வேன்ல, மாப்பிள்ளையும் இருந்தாக. கடை புதுசாத் திறந்தது. எந்தக் கடைன்னா கேக்கீக? பேரு எதுக்குத் தங்கச்சி. அவுக மேல ஒண்ணும் தப்பில்ல. நம்ம அவமானத்துக்கு அவுக பேரை எதுக்கு இழுக்க.

வேனை விட்டு எறங்குனா, அம்மாடி, கடைக்கு முன்பக்கம் செவுரே கெடையாது. மேல இருந்து கீழ வரைக்கும் எல்லாம் கண்ணாடி. உள்ள வெளக்கு எரியுது, பட்டுச் சேலை அடுக்கி வச்சிருக்கது அப்படியே தெரியுது. கண்ணாடி இருக்கதே தெரியல, அவ்வளவு சுத்தம். நம்ம ஊருக் கடையிலயும் கண்ணாடிக் கதவு இருக்கு. அதுல ஆயுதபூசைக்கு வச்ச சந்தனப் பொட்டு இருக்கும், ஆடித் தள்ளுபடின்னு ஒட்டுன தாள் பாதி கிழிஞ்சு தொங்கும், தள்ளுன்னு எழுதியிருக்கும். ஏதாவது ஒண்ணு இருக்கும்ல? இங்க ஒரு தூசி இல்ல. தீபாவளி விளம்பரத்துக்கு யாரோ நடிகை வந்து நின்னு படம் எடுத்தாகளாம், அதுக்காக எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டாகளாம். பெறகு ஒட்டலயாம். அழகாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லக் கூடாது.

நான் வழக்கம்போலப் பின்னாலதான் நின்னேன். எல்லாரும் போகட்டும், கடைசியில போவோம்னு. அப்ப கோமதி மைனி திரும்பிப் பாத்தாக. "மைனி, முன்ன வாங்க. நீங்க மொதல்ல உள்ள போங்க"ன்னாக.

முகூர்த்தப் பட்டு எடுக்கப் போற எடத்துல நான் மொதல்ல காலெடுத்து வைக்கதா? அவுக பெரிய நாத்தனா ஒருத்தவுக இருந்தாக, வயசானவுக, அவுக மொகம் அப்பமே மாறிருச்சு. நான் வேண்டாம் மைனி, வேண்டாம் மைனின்னேன். "சும்மா போங்க. எங்க வீட்டுக்கு மகாலெச்சுமியக் குடுக்கப் போறவுக நீங்கதான், வேற யாரு முன்ன போக"ன்னு முதுகுல கையை வச்சு லேசாத் தள்ளுனாக.

சொல்லவே கூச்சமாத்தான் இருக்கு தங்கச்சி. அந்த நிமிசம் எனக்கு ஒரு பெருமை வந்துச்சு. ஆமா, பெருமைதான். அவுக அய்யா போன பெறகு ஒரு விசேசத்துலயும் நான் முன்ன நடந்ததில்ல. தலையக் குனிஞ்சு ஓரமாப் போறதுதான் பழக்கம். அன்னைக்குத் தலைய நிமித்திக்கிட்டுப் போனேன். சேலையத் தட்டிவிட்டுக்கிட்டு, நேரா உள்ள தெரிஞ்ச பட்டுச் சேலையைப் பாத்துக்கிட்டு, மொதல் ஆளா, விறுவிறுன்னு போனேன்.

டமார்னு முட்டுனேன்.

கதவு பக்கத்துல இருந்திருக்கு. நான் போனது கதவு இல்ல, கதவுக்குப் பக்கத்துல அசையாம நிக்கிற கண்ணாடி. மூக்குல இருந்து ரத்தம். அப்படியே மல்லாக்க விழுந்துட்டேன். ஒரு செருப்பு எங்கயோ போயிருச்சு. சேலை மொழங்காலுக்கு மேல ஏறிக் கெடந்திருக்கு, முத்துச்செல்விதான் ஓடியாந்து இழுத்துவிட்டா. உள்ள சேலை பாத்துக்கிட்டு இருந்த சனம் எல்லாம் எந்திரிச்சு நின்னு பாக்குது. கண்ணாடிதான, எல்லாருக்கும் நல்லாத் தெரியுது. யாரோ ஒரு சின்னப் பிள்ளை கெக்கெக்கேன்னு சிரிச்சுச்சு. சின்னப் பிள்ளை சிரிக்கத்தான் செய்யும், அதைச் சொல்லிக் குத்தமில்ல.

கண்ணாடியில என் மூஞ்சி அப்படியே படிஞ்சிருந்துச்சு. பவுடரு, திருநீறு, வேர்வை எல்லாம் சேந்து நெத்தி, மூக்கு, கன்னம்னு அச்சு எடுத்த மாதிரி. கடைப் பையன் ஒருத்தன் துணியும் கையுமா ஓடியாந்தான், என்னைத் தூக்கத்தான் வாரான்னு பாத்தா, கண்ணாடியத் துடைக்கப் போறான். அப்பத்தான் மாப்பிள்ளைக்குக் கோவம் வந்துருச்சு. "அதத் துடைக்காதீங்க. அதுவாவது அங்க இருக்கட்டும், அடுத்து வாரவனுக்குத் தெரியும்"னு ஒரு சத்தம் போட்டாக பாருங்க. அளந்து பேசுற மனுசன்!

மேனேஜர் வந்தாரு. மாப்பிள்ளை அவருகிட்டச் சண்டைக்குப் போயிட்டாக. ஆளு நடமாடுற எடத்துல இப்படிக் கண்ணாடி போட்டா, கண்ணு உயரத்துக்குக் குறுக்க ஒரு பட்டையாவது ஒட்டி வைக்கணுமாம். அதுவும் சாதாக் கண்ணாடி போடக் கூடாதாம். பதப்படுத்துன கண்ணாடின்னு இருக்காம், உடைஞ்சா கல்கண்டு மாதிரி பொடிப்பொடியா உதிர்ந்துருமாம், ஆள வெட்டாதாம். அந்த வகைக் கண்ணாடின்னா மூலையில முத்திரை குத்தியிருக்குமாம். "எங்க முத்திரை? காட்டுங்க. இது உடைஞ்சா ஒவ்வொரு துண்டும் கத்தி. இன்னைக்கு எங்க அத்தைக்கு மூக்கோட போச்சு, நாளைக்கு ஒருத்தன் வேகமா வந்து முட்டுனா என்ன செய்வீங்க?"ன்னு கேக்காக.

மேனேஜர் தன்மையாத்தான் பேசுனாரு. "சார், சுத்தமா வச்சிருக்கோம் சார். சுத்தமா வச்சது தப்பா?"ன்னாரு. மாப்பிள்ளை விடல. சனம் கூடிருச்சு. கோமதி மைனி கையப் பிசையுறாக. பெரிய நாத்தனா என்னையவே பாக்காக. முத்துச்செல்வி என் மூக்குல முந்தானையை வச்சு அமுக்கிக்கிட்டு அழுதுக்கிட்டு நிக்கா. அவளுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த எடத்துல என்னால தெருச்சண்டை. பூமி பிளந்து என்னை உள்ள இழுத்துக்கிட்டாத் தேவலன்னு இருந்துச்சு. எப்படியாவது இது முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு.

அதனால சொன்னேன். "மாப்பிள்ளை, விடுங்க. கடை மேல ஒரு தப்பும் இல்ல. எனக்குத்தான் கண்ணு சரியில்ல. கொஞ்ச நாளாவே பார்வை மங்கலாத்தான் இருக்கு"ன்னு.

பொய் தங்கச்சி. அப்பட்டமான பொய். ஆனா சொன்ன உடனே சத்தம் நின்னு போச்சு பாருங்க. மாப்பிள்ளை வாய மூடிக்கிட்டாக. மேனேஜர் "அம்மாவே சொல்லிட்டாங்கல்ல சார்"னு சிரிச்சாரு. அந்தக் கடைப் பையன் ஓடியாந்து கண்ணாடியத் துடைச்சுட்டான். பொய் சொன்னாலும் நல்லதுக்குத்தான சொன்னேன்?

மேனேஜரு நல்ல மனுசன்தான். உக்கார வச்சு மூக்குக்கு ஐஸ் வச்சாரு. ஒரு ஹாட்பாக்ஸு பரிசாக் குடுத்தாரு, நல்ல கனமான சாமான். யாரும் இல்லாதப்ப மெதுவாச் சொன்னாரு, "கேமராவுல எல்லாம் பதிஞ்சிருக்கும்மா, நீங்க விழுந்தது, சேலை வெலகுனது எல்லாம். நாங்க யாருக்கும் காட்ட மாட்டோம், கவலப்படாதீங்க. புகாரு அது இதுன்னு போனாத்தான் நாலு பேரு போட்டுப் பாப்பாங்க"ன்னு. எவ்வளவு பாத்துப் பேசுனாரு பாருங்க. ஒரு பொம்பளை மானம் போயிரக் கூடாதுன்னு அந்த மனுசனுக்கு இருக்கு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

என்ன தங்கச்சி, திரும்பவும் கடைப் பேரைக் கேக்கீக? சேலை எடுக்கணுமா? வேண்டாம்னா விட மாட்டீக போல. வாசல்ல ஆளு ஒசரத்துக்குப் பித்தளைக் குத்துவிளக்கு ஒண்ணு நிக்கும், பூவெல்லாம் சுத்தி. அந்தக் கடைதான். போதுமா? சேலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. போனா பாத்துப் போங்க.

வீட்டுக்கு வந்த பெறகுதான் வெனையே ஆரம்பிச்சுச்சு. பெரிய நாத்தனா சும்மா இருப்பாகளா? முன்ன விடக் கூடாதவளை முன்ன விட்டா இப்படித்தான் ஆகும்னு மொதல்ல சொன்னாக. அதைக் கோமதி மைனி ஒரே பேச்சுல அடக்கிட்டாகளாம், மாப்பிள்ளை சொன்னாக. அடுத்தாப்புல அவுக பிடிச்சது கண்ணை. ஏம்மா, இந்த வயசுலயே பொண்ணோட ஆத்தாளுக்குக் கண்ணு மங்குதுன்னா அது பரம்பரை வியாதியா இருக்குமோ, பொண்ணுக்கும் வந்துச்சுன்னா, பெறக்கப் போற பிள்ளைக்கும் வந்துச்சுன்னா? நான்தான சொல்லிருக்கேன், எல்லாரு முன்னாலயும், என் வாயால.

கோமதி மைனி போன் பண்ணுனாக. "மைனி, தப்பா எடுத்துக்கிடாதீக. பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தடவ கண்ணைக் காட்டிட்டு வந்துருங்க. முத்துச்செல்வியவும் கூட்டிட்டுப் போங்க. பத்திரிகை அடிக்கதுக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னாக. குரலு எப்பவும் போலத்தான் இருந்துச்சு. ஆனா பத்திரிகை அடிக்கதுக்கு முந்திங்கிற வார்த்தை இருக்குல்ல, அது எனக்கு நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்குது. பத்திரிகை அடிக்காமலே போனா என் பிள்ளை கதி என்ன?

முத்துச்செல்விகிட்டச் சொன்னேன். அவ என்னை முறைச்சுப் பாத்தா பாருங்க. "எதுக்கும்மா நான் வரணும்? கண்ணாடியில கோடு போடாதவன் கடைக்காரன், கண்ணு டெஸ்டுக்குப் போறது நானா? நீ பொய் சொன்னேன்னு அவங்ககிட்டச் சொல்லு, எல்லாம் சரியாப் போயிரும்"னா. நல்லாருக்கே கதை. சம்பந்தி வீட்டுல போயி, நான் பொய் சொன்னவ, கண்ணு நல்லாத்தான் இருக்கு, கண்ணு நல்லாருந்தும் கண்ணாடியில போயி முட்டுன கிறுக்கின்னு சொல்லவா? அவளுக்கு என்ன, சின்னப் பிள்ளை.

மாப்பிள்ளையும் வந்தாக. லீவுல வந்தவுக நேரா எங்க வீட்டுக்கு வந்து, "அத்தை, கடை மேல புகாரு குடுப்போம். நடந்ததை நடந்தபடி நீங்க சொன்னாப் போதும், மேல நான் பாத்துக்கிடுதேன். நீங்க சொல்லாம நான் மட்டும் போயி நின்னா அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்களேன்னுதான் கேப்பாங்க"ன்னாக. நான் முடியாதுன்னுட்டேன். எனக்கு அந்தப் படம்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. பொம்பளை மொழங்காலு தெரியக் கெடக்கத நாலு பேரு போட்டுப் பாக்கதா? செத்துரலாம். "நம்ம சொல்லலன்னா அந்தக் கண்ணாடி அப்படியேதான் நிக்கும் அத்தை"ன்னாக. நின்னா நிக்கட்டும் மாப்பிள்ளை, நம்ம இனிமே அந்தப் பக்கமே போகப் போறதில்லன்னேன். அதுக்குப் பெறகு அவுக போனே பண்ணல. கோவம் போல.

ஆக, இப்ப என் நெலமையப் பாருங்க. கண்ணு கெட்டுப் போச்சுன்னு டாக்டரு சொன்னா கல்யாணம் நின்னு போகும். நல்லாருக்குன்னு சொன்னா நான் பொய் சொன்னது வெளிய வரும். எது வந்தாலும் என் தலை குனிஞ்சதுதான். அன்னைக்கு ஒரு தடவ நிமித்துனதுக்கு இவ்வளவு!

செண்பகவல்லின்னா கூப்பிடுதாக? நான்தான். வாரேம்மா, வாரேன். கையைப் பிடிச்சுக்கோ தாயி. தங்கச்சி, போயிராதீக, என்ன சொன்னாகன்னு வந்து சொல்லுதேன்.

*

எங்க இருக்கீக? ஆங், இந்தா. வெளிச்சம் குத்துது. தூரத்துல ஆளு நடக்கது தெரியுது, பக்கத்துல என் கையே எனக்குப் புகையாத் தெரியுது. கொஞ்ச நேரத்துல சரியாப் போயிரும்னாக.

டாக்டரு பொம்பளை டாக்டரு. வெளக்கை அடிச்சு அங்க பாருங்க இங்க பாருங்கன்னு உள்ளயெல்லாம் பாத்துட்டு, "உங்க வயசுல இவ்வளவு நல்ல கண்ணு பாத்து நாளாச்சு, எதுக்கு வந்தீங்க?"ன்னு கேக்காக! நான் விடுவேனா? "டாக்டரம்மா, நல்லாப் பாருங்க. சின்னக் குறையா ஒண்ணு எழுதிக் குடுங்க, ஆத்தாளுக்கு மட்டும் வரும், மகளுக்கு வராதுங்கிற மாதிரி"ன்னேன். சிரிச்சுட்டாக. அப்படி ஒரு வியாதி இல்லம்மான்னுட்டாக. எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல.

சரி, என் பாட்டையே பாடிக்கிட்டு இருக்கேன். நீங்க எதுக்கு வந்தீக, அதைக் கேக்கவே இல்லியே. இங்கிட்டுத் திரும்புங்க. அது என்ன தங்கச்சி, மூஞ்சியில வெள்ளையா? கைக்குட்டையா?

கட்டா?

ஒரு கண்ணுல கட்டா? அப்ப உங்களுக்குச் சொட்டு மருந்து விடலியா? கட்டுப் பிரிக்கவா வந்தீக? அப்ப... அப்ப இன்னொரு கண்ணால இவ்வளவு நேரமும் என்னையப் பாத்துக்கிட்டா இருந்தீக? சொல்லக் கூடாதா தங்கச்சி. நான் பாட்டுக்கு, யாரும் பாக்கலன்னு நெனச்சு, எல்லாத்தையும்...

சரி. சொல்லுங்க. என்ன ஆச்சு?

குத்துவிளக்குக் கடையா?

எப்ப? போன வாரமா? பிள்ளைக்கு மொதப் பெறந்தநாளுக்குச் சட்டை எடுக்கவா? பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, வீட்டுக்காரரு வண்டிய நிறுத்திட்டு வாறதத் திரும்பிப் பாத்துக்கிட்டே வேகமா... உடைஞ்சுருச்சா? பிள்ளை? பிள்ளைக்கு? சாமி. பிள்ளைக்கு ஒண்ணும் இல்லியா. மூஞ்சியக் குடுத்துப் பிள்ளையத் திருப்பிக்கிட்டீகளா. சாமி.

துண்டு துண்டாவா விழுந்துச்சு, பெரிய துண்டா? பொடியா இல்லியா? மாப்பிள்ளை சொன்னாக. கத்தின்னு சொன்னாக.

பார்வை? கட்டுப் பிரிச்சாத்தான் தெரியுமா?

மேனேஜரு என்ன சொன்னாரு? இல்ல, சொல்லுங்க. நான் கேக்கணும். ம். "இதே எடத்துல போன மாசம் ஒரு அம்மா முட்டுனாங்க. அவங்க எவ்வளவு மரியாதையா, என் மேலதான் தப்புன்னு ஒத்துக்கிட்டுப் போனாங்க. நீங்களும் பாத்து வந்திருக்கணும்"னா? உங்க வீட்டுக்காரருகிட்டயா? நீங்க ரத்தம் வழிய நிக்கையிலயா?

அந்த அம்மா நான்தான்.

ஆமா, உங்களுக்குத் தெரியும். அதான் கடைப் பேரை ரெண்டு தடவ கேட்டீக. நான் சேலை எடுக்கக் கேக்கீகன்னு நெனச்சேன். தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லாமக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கீக. நான் ஹாட்பாக்ஸு நல்ல கனமான சாமான்னு சொன்னதையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கீக.

என்னை வையுங்க தங்கச்சி. நாலு வார்த்தை வையுங்க. நின்னா நிக்கட்டும்னு சொன்னேனே அந்தக் கண்ணாடியை, நம்ம அந்தப் பக்கம் போகப் போறதில்லன்னு. மொழங்காலு தெரிஞ்சதுதான் பெரிய மானம்னு இருந்தேன். இதுதான் வெக்கக்கேடு. இத்தனை நாளும் நான் பட்டதெல்லாம் ஒரு வெக்கமா.

இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்க தப்பில்லக்கான்னு எல்லாம் சொல்லாதீக. அதை என்னால தாங்க முடியாது.

ஒரு ஒத்தாசை செய்யுங்க. இந்தா என் போன். எனக்கு எழுத்தே தெரியல, எல்லாம் கலங்குது. மாப்பிள்ளைன்னு போட்டிருக்கும், முத்துச்செல்விதான் போட்டுக் குடுத்தா. உங்க நல்ல கண்ணால பாத்துப் போடுங்க. இருக்கா? அதுதான். அமுக்குங்க.

அந்தக் கேமராப் படமா? போட்டுப் பாக்கட்டும். நான் விழுந்ததையும் பாக்கட்டும், என் மூஞ்சி அதுல படிஞ்சதையும் பாக்கட்டும், அந்தக் கடைப் பையன் ஓடியாந்து துடைச்சதையும் பாக்கட்டும். கோமதி மைனி வையட்டும். பெரிய நாத்தனாவும் வையட்டும். நானே சங்கரன்கோவிலுக்குப் போயி வாசல்ல நின்னு சொல்லுதேன்.

அடிக்குதா? காதுல வச்சுவிடுங்க. உங்க கையை எடுக்காதீக தங்கச்சி, அப்படியே பிடிச்சுக்கிடுங்க.

ஹலோ. மாப்பிள்ளை? நான் அத்தை பேசுதேன். ஆமா, ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். பாத்துட்டாக. கண்ணு நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை.

அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.